மீன் ஒவ்வாத பிள்ளை

யாழ்ப்பாணத் தீவகத்தின் வேலணையில் ஒரு பிள்ளைக்கு "மீன் வேண்டாம்" என்று எழுதிக் கொடுப்பது பெரிய விஷயம். விடியப்புறம் வள்ளம் கரைக்கு வந்த கையோடு சூடையோ கீரியோ ஒரு கூறு வாங்கிக்கொண்டு போகிற ஊர் இது. கையில் காசு குறைந்த நாளில் மரக்கறியை விடுவார்கள், மீனை விடமாட்டார்கள். நான் அந்த இரண்டு சொல்லை எழுதினால் பிள்ளையின் கோப்பை மட்டும் மாறாது, அந்த வீட்டின் அடுப்பே மாறிவிடும். தாய் இரண்டு சட்டி வைத்துச் சமைக்க வேண்டும். அம்மம்மா வீட்டுக்குப் போனால் அங்கேயும் சொல்லிவைக்க வேண்டும். தீவகத்துப் பிள்ளைகளின் உடம்புக்குப் போகிற நல்ல புரதத்தில் பெரும்பங்கு கடலிலிருந்து வருகிறது. அதனால் எழுத முன்னம் பல தடவை யோசிப்பேன். உணவு ஒவ்வாமையோடு வருகிற பிள்ளைகளைப் பார்க்கத் தொடங்கிய பிறகு, ஒரு உணவை நிறுத்தச் சொன்னதைவிட, யாரோ அநாவசியமாக நிறுத்திய உணவைத் திரும்பக் கொடுக்கச் சொன்னதே அதிகம்.

இந்த வைத்தியத்தில் முதற்கருவி காது. இரத்தச் சோதனையும் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் பிறகுதான். என்ன மீன், எப்போது வாங்கியது, ஐஸில் கிடந்ததா வெயிலில் கிடந்ததா, குழம்பா பொரியலா, எவ்வளவு சாப்பிட்டது, சாப்பிட்டு எத்தனை நிமிஷத்தில் தடித்தது, சத்தி எடுத்ததா, குரல் மாறியதா, சாப்பிட்ட பிறகு ஓடி விளையாடியதா, அதே மீனை முன்னம் சாப்பிட்டிருக்கிறதா, பிறகு ஒருதரம் தவறிச் சாப்பிட்டபோது என்ன நடந்தது. இவ்வளவையும் கேட்டு முடிய நேரம் எடுக்கும். வெளியே வாங்கில் சனம் நிறைந்திருக்கும். இருந்தாலும் இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூடக் குறைக்க மனம் வருவதில்லை, ஏனென்றால் பல நேரங்களில் கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலில்தான் நோயின் பெயர் இருக்கும்.

அப்படி ஒரு அம்மம்மாவோடு கதைத்தது இது. பேரனுக்கு மீன் ஒவ்வாது என்று முடிவு செய்து மாதக்கணக்கில் நிறுத்திவைத்திருந்தார்.

"அண்டைக்கு என்ன மீன் அம்மா?"

"சூரை, டொக்டர். பத்து மணிபோலை வாசலிலை வந்த ஆளிட்டை வாங்கினது. திண்டு கொஞ்ச நேரத்திலை முகம் எல்லாம் சிவந்துபோச்சு. தலையிடிக்குது எண்டவன். உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு."

"வீட்டிலை வேறை ஆருக்கும் ஏதாவது செய்ததோ?"

"தேப்பனுக்கும் முகம் எரியுது எண்டவர். வெயிலுக்கை நிண்டு வந்தது எண்டு நினைச்சம்."

அந்தத் தகப்பனின் முகம் எரிந்ததுதான் விடை. ஒரே சட்டியில் சாப்பிட்ட இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் முகம் சிவந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மீனை. சூரை, கும்பிளா போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. பிடித்த மீனை உடனே குளிரில் வைக்காவிட்டால் பக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒவ்வாமையின்போது எங்கள் உடம்பே வெளிவிடுகிற அதே பொருள் அது. மீனுக்குள் ஏற்கெனவே சேர்ந்துவிட்டால், சாப்பிடுகிற எவருக்கும் தடிப்பும் சிவப்பும் தலையிடியும் வரலாம். கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. மணமும் நிறமும் வழமைபோலவே இருக்கக்கூடும். இது மீன் நஞ்சாதல், ஒவ்வாமை அல்ல. இந்தப் பிள்ளைக்குத் தேவை ஐஸ் போட்ட மீன். வாழ்நாள் முழுதும் மீனை மறுக்க ஒரு காரணமும் இல்லை.

உண்மையான மீன் ஒவ்வாமையின் கதை வேறு மாதிரி வரும். அங்கே வீட்டில் எல்லோரும் சாப்பிட்டிருப்பார்கள், ஒரு பிள்ளைக்கு மட்டும் செய்யும். ஒவ்வொரு தடவையும் செய்யும், புத்தம் புதிய மீனிலும் செய்யும். விளைமீனுக்கும் ஓராவுக்கும் பாரைக்கும் அதே தடிப்பு, அதே இருமல். ஆனால் தாய் சேர்த்துச் சொல்வாள்: "ரின்மீன் குடுத்தா ஒண்டும் செய்யாது, டொக்டர்." இதைக் கேட்டதும் நான் பேனையை வைத்துவிட்டு நிமிர்வேன். மீன் ஒவ்வாமையின் முதன்மைக் காரணி மீனின் வெள்ளைத் தசையிலுள்ள பார்வல்புமின் என்ற சிறிய புரதம். சாதாரணச் சமையல் சூடு அதை ஒன்றும் செய்யாது. தகரத்தில் அடைக்கும்போது அழுத்தத்தோடு நீண்ட நேரம் கொடுக்கிற சூடு அதன் வலுவைக் குறைத்துவிடும். சூரை இன மீன்களின் கருந்தசையில் அந்தப் புரதம் முதலே குறைவு. அதனால் மீன் ஒவ்வாத சிலர் ரின்மீனைத் தாங்கிக்கொள்வது 1990களின் தொடக்கத்திலேயே ஆய்வுகளில் பதிவாயிற்று. சூரைக்கு மட்டும் தடிக்கிற பிள்ளை ஒரு பக்கம். சூரை ரின்னைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தடிக்கிற பிள்ளை மறுபக்கம். இரண்டு தாய்மாரும் "பிள்ளைக்கு மீன் ஒவ்வாது" என்ற ஒரே வசனத்தோடுதான் உள்ளே வருவார்கள்.

திருக்கையும் சுறாவும் இன்னொரு கதை. முள் எலும்பு இல்லாத இந்தக் குருத்தெலும்பு மீன்களின் பார்வல்புமின் வேறு வகையைச் சேர்ந்தது. 2019இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் மீன் ஒவ்வாமை உறுதியான ஒரு சிறு குழுவினருக்குக் கண்காணிப்பில் திருக்கை இறைச்சி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் அதைத் தாங்கிக்கொண்டார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கப் பாற்சுறா தேடி அலைகிற, திருக்கைக்குச் சரக்கு அரைத்துக் குழம்பு வைக்கிற எங்கள் ஊருக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! மீனை முழுதாக இழந்த ஒரு பிள்ளைக்குக் கடலின் ஒரு கதவாவது திறந்திருக்கலாம். ஆனால் அதை வீட்டில் திறந்து பார்க்கக் கூடாது. வைத்தியசாலைக் கட்டிலில், ஊசி மருந்து பக்கத்தில் இருக்க, நகக்கண் அளவில் தொடங்கி, காத்திருந்து, கூட்டிப் பார்க்க வேண்டிய விஷயம் அது.

நண்டுக்கும் இறாலுக்கும் வருகிற ஒவ்வாமையில் காரணி வேறு, ட்ரோபோமையோசின். மீன் ஒவ்வாதவனுக்கு நண்டு ஒத்துக்கொள்ளலாம், நண்டு ஒவ்வாதவளுக்கு மீன் ஒத்துக்கொள்ளலாம். "கடல்சாமான் எல்லாம் நிப்பாட்டுங்கோ" என்று மொத்தமாக எழுதிவிடுவது வைத்தியருக்கு இலகு, பிள்ளைக்குப் பாரம். இறாலின் இந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்து அடையாளம் கண்ட வேலையில் பெரும்பங்கு எங்களுக்கு மிகத் தொலைவில் நடக்கவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பி. வி. சுப்பா ராவின் ஆய்வுகூடத்தில், 1980களின் பின்பகுதியில் தொடங்கி, அவித்த வெள்ளை இறாலை வைத்துச் செய்தார்கள். சூட்டில் அழியாத ஒரு புரதத்தை 1989இல் பிரித்துக் காட்டினார்கள். 1993இல் கே. என். சாந்தியும் சகாக்களும் அது ட்ரோபோமையோசின்தான் என்று நிறுவி, நோயாளியின் இரத்தத்திலுள்ள ஐ.ஜி.ஈ. என்ற ஒவ்வாமைப் பிறபொருளெதிரி அதன் எந்தெந்த இடங்களில் ஒட்டுகிறது என்பதையும் காட்டினார்கள். அதே இன வெள்ளை இறால் எங்கள் களக்கடலிலும் உண்டு. இன்று உலகத்தில் எங்கே ஒரு பிள்ளைக்கு இறால் ஒவ்வாமைச் சோதனை செய்தாலும் அந்த வேலையின் பயன் அதில் இருக்கிறது. கரப்பான் பூச்சியிலும் படுக்கைத் தூசியில் வாழும் சிற்றுண்ணியிலும் இதற்கு நெருங்கிய உறவான புரதம் உண்டு. வெப்ப நாடுகளில் இறால் சோதனை நேர்மறையாக வருகிற பிள்ளைகளில் சிலர் இறாலை எந்தத் தொல்லையும் இல்லாமல் சாப்பிடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனிக் கூழுக்கு வருகிறேன். தீவகத்தில் உணவு ஒவ்வாமை பார்க்கிற எவரும் ஒடியற்கூழைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கும். பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, ஒரு பிடி அரிசி போட்டு அவியவிட்டு, மீன் தலையும் துண்டும், நண்டும், இறாலும், கணவாயும் அதற்குள் இறங்கும். ஊறவைத்த ஒடியல்மாவைப் பழப்புளியோடும் அரைத்த செத்தல் மிளகாயோடும் கரைத்து ஊற்ற, எல்லாம் தடித்து ஒன்றாகும். கடைசியில் முருங்கையிலை. பிளாவில் வார்த்து, சுற்றியிருந்து, ஊதி ஊதிக் குடிப்பார்கள். வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் கூழ், லீவு நாளென்றால் கூழ், சொந்தம் சேர்ந்தால் கூழ்.

அந்தப் பானை ஒவ்வாமைப் பாடப்புத்தகம் முழுவதும் ஒன்றாகக் கொதிக்கிற இடம். பார்வல்புமின் தண்ணீரில் கரையும். ட்ரோபோமையோசினும் அவித்த தண்ணீருக்குள் இறங்கும். இரண்டும் கொதியில் அழியாது. ஆகவே "மீன் துண்டு ஒண்டும் போடேல்லை டொக்டர், வெறுங்கூழ்தான் வார்த்துக் குடுத்தனான்" என்று ஒரு தாய் சொல்லும்போது அவள் தன்னால் முடிந்த கவனம் எல்லாம் எடுத்திருக்கிறாள். ஆனால் தடிப்பைத் தருகிற பொருள் துண்டைவிட்டு இறங்கி ஏற்கெனவே கூழுக்குள் கலந்துவிட்டது. ஆவியும் அப்படியே. நண்டு அவிக்கும்போது அடுப்படியில் நின்ற பிள்ளைக்கு முட்டு இழுத்தது என்று சொன்னால், அதைக் கற்பனை என்று தள்ளக் கூடாது. நண்டு, மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் ஆவியை மூச்சோடு இழுத்தே தொழிலாளருக்கு ஆஸ்துமா வந்தது பல நாடுகளில் நிறுவப்பட்ட உண்மை. அந்த வீட்டுக்கு நான் சொல்வது: பிள்ளைக்கான கூழை முதலில், தனிச் சட்டியில், தனி அகப்பையோடு, மரக்கறி மட்டும் போட்டுக் காய்ச்சி எடுத்து வையுங்கள். பெரிய பானை கொதிக்கும்போது பிள்ளை முற்றத்தில் நிற்கட்டும். அதற்குப் பிறகு எல்லோரோடும் இருந்து குடிக்கட்டும். பிள்ளையைக் கூட்டத்திலிருந்து விலக்காமல் உணவை மட்டும் விலக்குகிற வழியைக் கண்டுபிடித்துக் கொடுப்பதை என் கடமையில் ஒரு பாதியாகவே நினைக்கிறேன். மாசி போட்ட சம்பல், கருவாடு பொரித்த எண்ணெய், கடை ரோல்ஸுக்குள் இருக்கிற மீன், இவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் அனுப்புவேன்.

மீன் ஒவ்வாமை இந்தத் துறையின் சரித்திரத்தில் முதல்வரிசையில் நிற்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1921இல் பிரெஸ்லாவ் நகரில் கார்ல் பிராவுஸ்னிட்ஸ் என்ற வைத்தியரோடு வேலை செய்த ஹைன்ஸ் கூஸ்ட்னருக்குச் சமைத்த மீன் ஒவ்வாது. கூஸ்ட்னரின் இரத்தத்தெளிவை எடுத்து பிராவுஸ்னிட்ஸ் தன் வயிற்றுத் தோலுக்குள் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றினார். எந்த மீனுக்கும் தடிக்காத அவருடைய தோல் அந்த இடத்தில் மட்டும் தடித்தது. ஒவ்வாமைக்குக் காரணம் இரத்தத்தில் கொண்டுசெல்லக்கூடிய ஒரு பொருள் என்று உலகம் அன்று அறிந்தது. அந்தப் பொருளுக்கு ஐ.ஜி.ஈ. என்று பெயர் கிடைக்க இன்னும் நாற்பது வருடத்துக்கு மேல் சென்றது.

என் மனதில் அதைவிட ஆழமாக நிற்பது பிராவுஸ்னிட்ஸின் பிற்கால வாழ்க்கை. நாஸிகள் ஆட்சிக்கு வந்த பின் அவர் ஜேர்மனியை விட்டு இங்கிலாந்துக்குப் போனார். அந்த நாட்டின் தென்கரைக்கு அப்பால் இருக்கும் வைட் தீவில், வென்ட்னர் என்ற கரையோர ஊரில், சாதாரணப் பொது வைத்தியராக நீண்ட காலம் இருந்தார். பிறகு அதே தீவில் இன்னொரு பெரிய வேலை நடந்தது. 1989 ஜனவரி முதல் 1990 பெப்ரவரி வரை அந்தத் தீவில் பிறந்த 1,536 பிள்ளைகளில் 1,456 பேரைச் சேர்த்து, வைத்தியர் டேவிட் ஹைடும் பின்னர் ஹசன் அர்ஷாதும் ஒன்று, இரண்டு, நான்கு, பத்து, பதினெட்டு வயது என்று தொடர்ந்து பார்த்துக்கொண்டு வந்தார்கள். எந்தப் பிள்ளைக்கு எக்ஸிமா வந்தது, யாருக்குப் பிறகு உணவு ஒவ்வாமை வந்தது, யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு எல்லாம் மாறிப்போனது என்று உலகம் இன்று அறிந்திருப்பதில் ஒரு நல்ல பங்கு அந்தத் தீவுப் பிள்ளைகளால் வந்தது. சனம் குறைவு, ஒருவரையொருவர் தெரியும், பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். வேலணையிலிருந்து அதை வாசிக்கிற ஒருவருக்கு மனம் எப்படித் துடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சோதனைகளைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். வெளியே காசு கட்டி இருபது, முப்பது உணவுக்கு ஒரே தாளில் இரத்தச் சோதனை செய்துகொண்டு வருகிறார்கள். தாளில் சிவப்பாக இருப்பதை எல்லாம் வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். இரத்தத்தில் ஐ.ஜி.ஈ. இருப்பது வேறு, அந்த உணவுக்கு நோய் வருவது வேறு. கர்நாடகத்தில் பி. ஏ. மகேஷும் குழுவினரும் ஐரோப்பிய ஆய்வொன்றோடு இணைந்து வளர்ந்தவர்களிடம் பார்த்தபோது, ஏதாவது ஒரு உணவுக்கு ஐ.ஜி.ஈ. இருந்தவர்கள் 26.5 வீதம். உணவு ஒவ்வாமை இருக்கலாம் என்று சொல்லக்கூடியவர்கள் 1.2 வீதம் மட்டுமே. இரண்டுக்கும் இடையில் இருக்கிற அத்தனை பேரும் சோதனைத் தாளை மட்டும் நம்பினால் வீணாகப் பட்டினி கிடக்க வேண்டியவர்கள். வளர்ந்தவர் தாங்குவார். எட்டு மாதப் பிள்ளையிடம் பாலையும் முட்டையையும் மீனையும் சேர்த்து நிறுத்தினால் மூன்று மாதத்தில் நிறைக் கோடு கீழே இறங்கத் தொடங்கும்.

நிறுத்துவது எங்கள் ஊரில் சோதனைத் தாளுக்கு முன்னமே இருக்கிற பழக்கம். நண்டு கிரந்தி, இறால் கிரந்தி, கத்தரிக்காய் கிரந்தி, தக்காளி கிரந்தி. பால் கொடுக்கிற தாய்க்கும் விலக்கு, பால் குடிக்கிற பிள்ளைக்கும் விலக்கு. பிள்ளைக்கு ஒரு வயது வரும்வரை முட்டையும் மீனும் காட்டக் கூடாது என்று அப்பம்மாவும் அம்மம்மாவும் ஒரே குரலில் சொல்வார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். 2000ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்க, பிரித்தானிய வைத்தியர்களே அதைத்தான் சொன்னார்கள்: ஒவ்வாமைக் குடும்பத்துப் பிள்ளைக்குக் கச்சானை மூன்று வயதுவரை கொடுக்காதீர்கள் என்று. அதைப் புரட்டிப்போட்டவர் லண்டனில் வேலை செய்கிற கிடியன் லாக். இஸ்ரேலில் குழந்தைகள் பல் முளைக்கும் காலத்திலேயே கச்சான் மாவில் செய்த சிற்றுண்டி சாப்பிடுவதை அவர் கவனித்தார். 2008இல், லண்டனில் வாழும் யூதப் பிள்ளைகளில் 1.85 வீதத்தினருக்கும் தெல் அவிவ் பிள்ளைகளில் 0.17 வீதத்தினருக்கும் கச்சான் ஒவ்வாமை என்று அவரது குழு காட்டியது. பிறகு கடும் எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குக் கச்சானை ஒழுங்காகக் கொடுத்து, மறு பகுதிக்கு ஐந்து வயதுவரை கொடுக்காமல் விட்டார்கள். 2015இல் முடிவு வந்தது. விலக்கியவர்களில் 17.2 வீதம், சாப்பிட்டவர்களில் 3.2 வீதம். 2017இல் யப்பானில் எக்ஸிமா உள்ள குழந்தைகளுக்கு ஆறாம் மாதத்திலிருந்து சூடாக்கிய முட்டைத் தூளைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்த்தபோதும் 38 வீதத்துக்கு 8 வீதம் என்று அதே பக்கம்தான் தராசு சரிந்தது.

தோல் வழியாக முதலில் சந்திக்கிற உணவை உடம்பு பகையாக எடுக்கிறது, வாய் வழியாக முதலில் சந்திப்பதை உறவாக எடுக்கிறது என்பது லாக் முன்வைத்த விளக்கம். இதை வாசித்த நாளிலிருந்து எங்கள் குளிக்கவார்ப்பைப் பற்றி எனக்கு ஒரு யோசனை. எண்ணெய் பூசி, பயத்தம்மாவோ கடலைமாவோ தேய்த்துக் குழந்தையைக் குளிக்கவார்ப்பது நல்ல தோலுக்கு நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் கன்னமும் முழங்கை மடிப்பும் வெடித்துச் சொறிந்து நீர் வடிகிற பிள்ளையின் தோலில் உணவு மாவைத் தேய்க்க வேண்டாம் என்று தாய்மாருக்குச் சொல்கிறேன். முதலில் எக்ஸிமாவுக்கு மருந்து பூசித் தோலை மூடவேண்டும். ஆறு மாதம் முடிந்ததும் நன்றாக அவித்த முட்டை, முள் எடுத்து மசித்த மீன், கஞ்சியில் கரைத்த கச்சான் மா என்று ஒவ்வொன்றாக, வீட்டில் எல்லோரும் விழித்திருக்கிற காலை நேரத்தில் தொடங்கச் சொல்கிறேன். முழுக் கச்சான் கொட்டை கொடுக்கக் கூடாது, சுவாசக் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். கடும் எக்ஸிமா உள்ள பிள்ளை என்றால் முதல் வாய் எங்கள் முன்னிலையில்.

பால் ஒவ்வாத பிள்ளை இங்கே குறைவாகத்தான் வருகிறது. ஆனால் வந்தால் கவனம் இரட்டிப்பு. நிறை குறைந்த பிள்ளைக்குக் கிளினிக்கில் கொடுக்கிற திரிபோஷாவில் சோளத்தோடும் சோயாவோடும் பால்மாவும் இருக்கிறது. தடுப்பூசி இன்னொன்று. கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் ராஜீவ டி சில்வாவும் குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, தடுப்பூசிக்கு ஒவ்வாமை காட்டிய பிள்ளைகள் சிலரில் பாலிலும் சிறிது இருக்கிற மாட்டின் இரத்தப் புரதம் ஒன்றுக்கு எதிரான ஐ.ஜி.ஈ. காரணமாக இருக்கலாம் என்று காட்டியது. பாலுக்குக் கடுமையாகத் தாக்கம் காட்டிய பிள்ளைக்கு ஊசி போட முன்னம் அதைச் சொல்லிவையுங்கள் என்று தாயிடம் சொல்வேன். ஊசியை விட்டுவிடச் சொல்வதில்லை, வைத்தியசாலையில் வைத்துப் போடச் சொல்வேன்.

ஒவ்வாமையை மாற்ற முடியுமா என்று எல்லாத் தாய்மாரும் கேட்பார்கள். முட்டையும் பாலும் பெரும்பாலும் வளர வளரத் தானே மாறும். மீனும் கச்சானும் அவ்வளவு இலகுவில் மாறாது. சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கும் வைத்தியம் புதியதல்ல. 1908இலேயே அல்ஃபிரட் ஸ்கோஃபீல்ட் என்ற ஆங்கில வைத்தியர் முட்டைக்கு மோசமாகத் தாக்கம் காட்டிய ஒரு பையனுக்கு முட்டையை மிகச் சிறிய அளவில் தொடங்கிக் கொடுத்துப் பழக்கியதை எழுதிவைத்தார். நூறு வருடத்துக்கு மேல் கழித்து, 2020இல், அளவிட்ட கச்சான் தூள் அமெரிக்காவில் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. 2024இல் ஐ.ஜி.ஈ.யைப் பிடித்துவைக்கிற ஒமலிசுமாப் ஊசியும் உணவு ஒவ்வாமைக்கு அனுமதி பெற்றது. இவை பெரிய வெற்றிகள். ஆனால் இவை பெரும்பாலும் தவறிச் சாப்பிட்டால் உயிர் தப்புகிற அளவுக்குத் தாங்கும் சக்தியைக் கொடுக்கின்றன. தொடர்ந்து எடுப்பதை விட்டால் அந்தச் சக்தி பலருக்குக் குறைந்துவிடும். பழக்கும் காலத்திலேயே தாக்கமும் வரலாம். வாசலில் வைத்தியசாலை இருக்கிற நகரத்தில் செய்கிற வைத்தியத்தை, குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணித்தியாலம் போகவேண்டிய நெடுந்தீவில் ஒரு தாயிடம் கொடுத்துவிட எனக்குக் கை வராது.

அந்த ஒரு மணித்தியாலம் என்னை விடாமல் உறுத்துகிறது. பிரித்தானியாவில் ஒவ்வாமையால் இறந்தவர்களின் பதிவுகளை ஒவ்வொன்றாகப் படித்து ரிச்சர்ட் பம்ஃப்ரி 2000ஆம் ஆண்டில் எழுதியதில், உணவால் வந்த தாக்கத்தில் மூச்சோ இதயமோ நிற்கச் சென்ற நேரம் நடுக்கணக்கில் முப்பது நிமிஷம். அந்த முப்பது நிமிஷத்துக்குள் வேலை செய்கிற மருந்து ஒன்றுதான்: அட்ரினலின். வீடுகளில் எல்லோரிடமும் இருக்கிற பிரிற்றன் (Piriton) குளிசை கடியைக் குறைக்கும், தொண்டை அடைப்பதையும் இரத்த அழுத்தம் விழுவதையும் தடுக்காது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வேலணைக்கு அம்புலன்ஸ் வரும். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் கடல் குறுக்கே கிடக்கிறது. பேனை வடிவில் வருகிற தானியங்கி ஊசி எங்கள் கடைத்தெருவில் வாங்குகிற பொருள் அல்ல. ஆகவே கடும் தாக்கம் ஒருதரம் வந்த பிள்ளையின் வீட்டுக்கு அட்ரினலின் அம்பியூலும் சின்ன சிரிஞ்சும் கொடுத்து, தாய்க்கும் தகப்பனுக்கும் கை பழக்கி அனுப்புவோம். நிறையில் கிலோவுக்கு 0.01 மில்லிலீற்றர். பதினைந்து கிலோப் பிள்ளைக்கு 0.15. சிரிஞ்சில் அந்தக் கோட்டுக்கு நேரே சிவப்பு மையால் அடையாளம் வைத்துக் கொடுப்பேன், நடுங்குகிற கைக்கு எண் வாசிக்க நேரம் இராது. தொடையின் வெளிப்பக்கம், நேராக, சட்டைக்கு மேலாலும் குத்தலாம். குத்திய பிறகு பிள்ளையைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும், எழுப்பி நடத்தக் கூடாது. தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சால் மெத்தைத் துண்டில் தாய் குத்திப் பழகும்போது முதல் தடவை எல்லோருக்கும் கை பின்வாங்கும். பின்வாங்காமல் அழுத்தும்வரை திரும்பத் திரும்பச் செய்யவைப்பேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த அரை மணித்தியாலம் அது.

ஆடி, ஆவணி மாதங்களில் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் வெளிநாட்டுச் சொந்தங்கள் வருவார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பிறந்த பிள்ளைகள் இடுப்பில் பையோடு வரும், பைக்குள் இரண்டு தானியங்கி ஊசி. ஒன்றாரியோவில் பாடசாலைகள் ஒவ்வாமைப் பிள்ளைகளுக்கு ஒழுங்கு செய்தே ஆகவேண்டும் என்ற சப்ரினா சட்டம் 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது, அதனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் நோயைப் பற்றி நன்றாகக் கதைக்கத் தெரியும். இங்கே வளர்ந்த மச்சானுக்குக் கச்சான் ஒன்றும் செய்யாது, அங்கே பிறந்தவனுக்கு ஒரு கொட்டை உயிராபத்து. இது எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல. மெல்பேணில் செய்த ஆய்வுகள், ஆசியாவிலிருந்து போன பெற்றோருக்கு அவுஸ்திரேலியாவில் பிறந்த குழந்தைகளில் கச்சான் ஒவ்வாமை கூடுதல் என்றும், ஆசியாவிலேயே பிறந்து பிறகு போன பிள்ளைகளில் அது குறைவு என்றும் காட்டின. இரத்தம் ஒன்று, மண் வேறு. தூசியா, கிருமிகளா, வெயிலா, முதல் வருடத்து உணவா, தோலா என்று பிரித்தறிய, ஒரே குடும்பத்தின் இரண்டு கரைப் பிள்ளைகளைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

வைட் தீவில் ஆய்வாளர்கள் தேடித் தேடிச் சேர்க்க வேண்டியிருந்ததை, எங்கள் குடும்பநல உத்தியோகத்தர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தாயைப் பதிவார்கள். பிறந்த பிறகு வீட்டுக்கு வருவார்கள். சரவணையிலோ நாரந்தனையிலோ எந்த ஒழுங்கைக்குள் எந்தப் பிள்ளை என்று அவர்களுக்குத் தெரியும். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் நிறை, உயரம், ஊசி எல்லாம் திகதியோடு ஏறும். அவர்களிடம் நான் கேட்டுக்கொண்டது கூடுதலாகச் சில வரிகள் மட்டுமே. முட்டை முதல் கொடுத்தது எந்த மாதம், மீன் எந்த மாதம், கச்சான் எந்த மாதம். தோலில் சொறி இருந்ததா, அதில் என்ன பூசினார்கள். ஏதாவது உணவை நிறுத்தினார்களா, நிறுத்தச் சொன்னது யார், திரும்பக் கொடுத்தது எப்போது. ஒன்பதாம் மாத ஊசிக்கும் மூன்று வயது ஊசிக்கும் தாய் எப்படியும் வருவாள், அப்போது கேட்டால் போதும். "நிறுத்தச் சொன்னது யார்" என்ற பத்தியில் இதுவரை அயலட்டையும் அம்மம்மாவும்தான் அதிகம் வந்திருக்கிறார்கள், வைத்தியர்களும் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். மீன் பத்தி இன்னும் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் ஆறு மாதம் முடியவில்லை.